வண்டி எடுக்குமுன் ஒரு சொட்டு

மாதனூர் பாலத்துக்கு அரை கிலோமீட்டர் முன்னால் கம்பெனி பஸ் இடதுபுறம் ஒதுங்கி நின்றது. காலை ஏழு இருபது. உள்ளே இருந்த நாற்பத்திரண்டு பெண்களில் பாதிப் பேர் தூக்கத்தில் இருந்தார்கள். மீதிப் பேர் முன்னால் ஏதோ லாரி மடக்கிக்கொண்டு நிற்கிறது என்று நினைத்தார்கள். மூன்றாவது வரிசையில் இருந்த கலையரசிக்கு மட்டும் அது சரியாகப் படவில்லை. இண்டிகேட்டர் போடாமல் ஓரம் கட்டுகிற ஆள் இல்லை அந்த டிரைவர். பத்தொன்பது வருஷமாக அவளுக்கு அவரைத் தெரியும். அவள் புருஷன்.

எழுந்து முன்னால் போனாள். முனிரத்தினம் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். புரட்டாசி மாதத்துக் காலைக் காற்று ஜன்னல் வழியாகச் சில்லென்று வந்துகொண்டிருக்க, அவருடைய காக்கிச் சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. இன்னா ஆச்சு என்று கேட்டாள். ரோடு ரெண்டாகத் தெரிந்தது, அதனால் நிறுத்தினேன் என்றார். சொல்லும்போது நாக்கு குழறியது. ஸ்டியரிங்கை விட்டு எடுத்த கை தன்பாட்டுக்கு நடுங்கியது.

பக்கத்து சீட்டிலிருந்து பின்னாலேயே வந்த தில்ஷாத் ஒரே பார்வையில் கண்டுகொண்டாள். அவள் மாமியாருக்குப் பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை. "அண்ணாவுக்கு சுகர் லோ ஆயிடுச்சுக்கா" என்று சொல்லிக்கொண்டே பையிலிருந்த மாம்பழ ஜூஸ் பாக்கெட்டைப் பிரித்து அவர் வாயில் வைத்தாள். மறுபேச்சு இல்லாமல் முனிரத்தினம் உறிஞ்சினார். பத்து நிமிஷத்தில் முகம் தெளிந்தது. கால் மணி நேரத்தில் வண்டியை எடுத்து, வழக்கம்போல ஆம்பூர் கொண்டுபோய்ச் சேர்த்தார். இறங்கும்போது பெண்கள் விசாரித்ததற்குப் பித்தம் என்றார். டிரான்ஸ்போர்ட் ஆபீசில் யாரும் வாயைத் திறக்க வேண்டாம் என்று மனைவியிடம் தனியாகச் சொன்னார்.

கலையரசி அன்று எட்டு மணி நேரம் தோல் பார்த்தாள். ஷூ கம்பெனியின் கட்டிங் பிரிவில் அவளுக்குத் தரம் பார்க்கிற வேலை. வெட்ட வருகிற தோலைக் கேஜ் கருவியில் கவ்விக் கனம் பார்ப்பது, நரம்பு, வடு, சாயத் திட்டு இருந்தால் சாக்பீஸால் வட்டம் போட்டு ஒதுக்குவது. கை தன் பழக்கத்தில் வேலை செய்ய, மனசு பாலத்துக்கு அரை கிலோமீட்டர் முன்னாலேயே நின்றுகொண்டிருந்தது. இன்னும் ஒரு நிமிஷம் தள்ளி அது நடந்திருந்தால் பஸ் பாலத்தின் மேல் இருந்திருக்கும்.

முனிரத்தினத்துக்குச் சர்க்கரை இருப்பது எட்டு மாசத்துக்கு முன்னால் ஒரு முகாமில் தெரிந்தது. அரை மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். கம்பெனிக்குச் சொல்லவில்லை. முன்பு இன்னொரு டிரைவருக்குச் சர்க்கரை என்று தெரிந்ததும் அவரைச் செக்யூரிட்டி வேலைக்கு மாற்றிவிட்டார்கள். அதைப் பார்த்ததிலிருந்து முனிரத்தினத்துக்கு அந்தப் பயம். சென்னையிலிருக்கும் கலையரசியின் தம்பி சூரியபிரகாஷ் ஆன்லைனில் ஆஃபர் பார்த்து, ரத்தச் சொட்டு வைக்கிற ஸ்ட்ரிப் ஐம்பதோடு சர்க்கரை பார்க்கிற ஒரு மிஷினைப் போன மாசம் வாங்கி அனுப்பியிருந்தான். அதில்தான் தினமும் காலையில் பார்த்துக்கொண்டிருந்தார்.

குடியாத்தத்தில் அவர்கள் இருந்த தெருவில் நாலு வீட்டுக்கு ஒரு வீட்டில் விசைத்தறி. அந்த இரைச்சலில் குரலைத் தாழ்த்திப் பேசிப் பழக்கமில்லை. அன்று சாயங்காலம் கலையரசி முள்ளு கத்திரிக்காயை நறுக்கிக்கொண்டே தாழ்ந்த குரலில் கேட்டாள். மாத்திரையை எவ்வளவு போடுகிறீர்கள் என்று. பத்து நாளாக ஒரு முழு மாத்திரை என்றார்.

"யாரைக் கேட்டு?"

"மிஷின் எரநூறு, எரநூத்தி முப்பதுன்னே காட்டுது கலை. அரை மாத்திரையை வச்சிக்கினு நான் இன்னா பண்றது? டாக்டர்கிட்ட போனா அவங்க ஒரு நாலு டெஸ்ட்டு எழுதுவாங்க, அது கம்பெனி காதுக்குப் போவும்."

அவள் கத்தியை வைத்துவிட்டு அந்த மிஷினை எடுத்து வரச் சொன்னாள். கையைக் கழுவித் துடைக்கச் சொல்லி, ஒரே விரலில் வந்த ரத்தத்தில் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று ஸ்ட்ரிப் போட வைத்தாள். 231 என்றது முதலாவது. 178 என்றது இரண்டாவது. மூன்றாவது 205. இரண்டு நிமிஷத்துக்குள் ஒரே மனுஷனின் ரத்தத்தில் மூன்று கணக்கு. கம்பெனியில் ஒரே தோலின் ஒரே இடத்தை மூன்று தரம் கவ்வினால் மூன்று தரமும் ஒரே கனம் வர வேண்டும்; வராத கேஜை அப்போதே மேஜையிலிருந்து எடுத்துவிடுவார்கள். அப்படி ஒன்றை நம்பித்தான் அவர் பத்து நாளாக மாத்திரையைக் கூட்டிப் போட்டிருக்கிறார்.

ஸ்ட்ரிப் இருந்த குப்பியைத் திருப்பிப் பார்த்தாள். மூடி விரிசல் விட்டிருந்தது. எங்கே வைப்பீர்கள் என்று கேட்டதற்கு, பஸ் டேஷ்போர்டில் என்றார். வேலூர் வெயிலில் மத்தியானம் பூட்டி நிற்கும் பஸ்ஸின் டேஷ்போர்டில் கை வைக்க முடியாது. காலாவதித் தேதி இருந்த இடத்தில் ஒரு சின்ன ஸ்டிக்கர் கொஞ்சம் கோணலாக ஒட்டியிருந்தது. நகத்தால் கீறி உரித்தாள். அடியில் வேறு தேதி. அது முடிந்து பதினாலு மாசம் ஆகியிருந்தது.

முனிரத்தினம் அந்த ஸ்டிக்கரை விரல் நுனியில் ஒட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். அவருடைய கோபம் விற்றவன் மேலா, தன் மேலா என்று கலையரசிக்குத் தெரியவில்லை. கத்திரிக்காய் கறுப்பதற்குள் தாளிக்கப் போய்விட்டாள்.

மறுநாள் இரண்டு பேரும் லீவு சொல்லிவிட்டுக் குடியாத்தத்திலேயே ஒரு லேடி டாக்டரிடம் போனார்கள். அந்த அம்மா நடந்ததை முழுக்கக் கேட்டார். மாத்திரையைத் திரும்ப அரையாக்கினார். இந்த மாத்திரை சர்க்கரையைத் தாழ இறக்கிவிடக் கூடியது, சாப்பிடாமல் இருந்தால் இன்னும் சீக்கிரம் இறக்கும், அதனால் டிரைவர் வேலையில் இருப்பவர் ஒவ்வொரு தடவை வண்டி எடுக்கும் முன்பும் பார்த்தே ஆக வேண்டும் என்றார். தொண்ணூறுக்குக் கீழே இருந்தால் சாவியைத் தொடக் கூடாது. எழுபதுக்குக் கீழே போயிருந்தால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் குடித்துவிட்டுக் கால் மணி கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். அளவு சரியான பிறகும் முக்கால் மணி நேரம் ஸ்டியரிங் பக்கம் போகக் கூடாது. ரத்தத்தில் சர்க்கரை சீக்கிரம் ஏறிவிடும், மூளை தெளிய நேரமாகும் என்று காரணத்தையும் சொன்னார். எந்த மிஷின் வாங்கலாம் என்று கலையரசி கேட்டாள். டாக்டர் பெயர் எதுவும் சொல்லவில்லை. மிஷின் ஒரு தடவை வாங்குவது, ஸ்ட்ரிப் வாழ்நாள் முழுக்க வாங்குவது, அதனால் ஸ்ட்ரிப்பைப் பார்த்து மிஷினை வாங்குங்கள் என்றார்.

ஆம்பூர் பஜாரில் நயீம் அகமதுவின் மருந்துக்கடை. கம்பெனி விட்டதும் தில்ஷாத்தான் கூட்டிப்போனாள். பஸ் கிளம்ப இருபது நிமிஷம் இருந்தது. நயீம் பாய் கண்ணாடி மேஜை மேல் மூன்று பெட்டியை எடுத்து வைத்தார். முதலாவது போனோடு சேர்ந்து வேலை செய்வது, பெரிய திரை, அழகான உறை. ஸ்ட்ரிப் ஒன்று முப்பது ரூபாய்க்கு மேல். இரண்டாவது, ஐம்பது ஸ்ட்ரிப் வாங்கினால் மிஷின் இலவசம். மூன்றாவது சோப்புப் பெட்டி மாதிரி சாதாரணமாக இருந்தது. ஸ்ட்ரிப் பதினாலு ரூபாய்.

இலவச மிஷினுக்கு ஸ்ட்ரிப் எப்போதும் கிடைக்குமா என்று கேட்டாள் கலையரசி. ஆர்டர் போட்டால் நாலைந்து நாளில் வரும் என்றார். அதை அவள் ஒரு விரலால் தள்ளி ஓரமாக வைத்தாள். நாலு நாள் காத்திருந்தால் எட்டு தடவை குருட்டாம்போக்கில் வண்டி ஓட்ட வேண்டும்.

"மிச்சம் ரெண்டுல எது சரியா காட்டும் பாய்?"

"பெருசுல எனக்கு லாபம் ஜாஸ்தி. அதனால நான் அதைத்தான் சொல்வேன்" என்று நயீம் பாய் சிரித்தார். "ரெண்டுமே அரசாங்கம் கேக்கற அளவுக்குள்ள இருக்கணும். நூறுக்கு மேல போனா லேப் கணக்குக்கும் இதுக்கும் நூத்துக்குப் பதினஞ்சு வரைக்கும் முன்னபின்ன வரலாம். அதுக்கு மேல வந்தா மிஷின் பேஜார்னு அர்த்தம். பெட்டி மேல எல்லாருந்தான் சரின்னு அச்சடிக்கறாங்க."

"அப்போ அச்சடிச்சதை வுட்டுடுவோம். எங்க கேஜை சரி பாக்கறதுக்குக் கனம் தெரிஞ்ச ஒரு தகடு வச்சிருக்கோம். இதுக்கு அந்த மாதிரி இன்னா இருக்குது?"

நயீம் பாய் அவளைப் புதுசாகப் பார்த்தார். இருபது வருஷக் கடையில் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை என்றார். சர்க்கரை அளவு தெரிந்த ஒரு திரவம் உண்டு, கம்பெனியிலிருந்து வரவழைக்க வேண்டும். அதைவிடச் சுலபமான வழி ஒன்று இருக்கிறது என்று சொல்லிக்கொடுத்தார். வெறும் வயிற்றில் லேபுக்குப் போக வேண்டும். நரம்பில் ரத்தம் எடுக்கிற அதே நிமிஷம் விரலிலும் குத்தி இரண்டு மிஷினிலும் போட்டுப் பார்க்க வேண்டும். சாப்பிட்ட பிறகு பார்த்தால் விரலுக்கும் நரம்புக்கும் வித்தியாசம் வரும், அதனால் வெறும் வயிறு முக்கியம். பிறகு, கடையில் எல்லோருக்கும் பார்ப்பதற்கு வைத்திருந்த இரண்டு மிஷினையும், ஸ்ட்ரிப் கொஞ்சமும் எடுத்து ஒரு கவரில் போட்டு நீட்டினார். லேப் ரிப்போர்ட்டோடு திரும்பி வாருங்கள், எனக்கும் தெரிய வேண்டும் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை லேபில் முனிரத்தினம் ஒரு கையை ஊசிக்கும் இன்னொரு கையை மனைவிக்கும் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு மிஷினிலும் இரண்டு தடவை. பெரிய மிஷின் 121, 124. சின்னது 133, 136. பத்து மணிக்கு ரிப்போர்ட் வந்தது. 128.

பெரிய மிஷின் கீழே காட்டுகிறது, சின்னது மேலே காட்டுகிறது, இரண்டும் எட்டுக்குள்ளே தான். நயீம் பாய் சொன்ன அளவில் பாதிகூட இல்லை. கலையரசிக்கு அதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. முனிரத்தினத்துக்கு மனசு ஒப்பவில்லை. பாதி விலைக்கு விற்கிறவன் எதையாவது குறைத்துத்தானே விற்பான் என்றார். திரையைக் குறைத்திருக்கிறான், உறையைக் குறைத்திருக்கிறான், ரத்தத்தில் குறைக்கவில்லை என்றாள் அவள். ஒரு நாளைக்கு இரண்டு ஸ்ட்ரிப். விலை ஜாஸ்தியானதை வாங்கினால் நீங்கள் ஒரு வாரம் பார்ப்பீர்கள், பிறகு கையில் இருப்பதை மிச்சம் பிடிக்க ஒன்று விட்டு ஒரு நாள் பார்ப்பீர்கள், விடுகிற அந்த நாளில்தான் எனக்குப் பயம் என்றாள். சின்ன மிஷின் வீட்டுக்கு வந்தது.

வந்த நாலாம் நாளே வம்பு. சாயங்காலம் முனிரத்தினம் சும்மா ஒரு தடவை பார்க்கிறேன் என்று குத்திப் பார்த்தார். 262 என்று வந்தது. அவர் முகத்தில் கவலையோடு கூட ஒரு வெற்றியும் இருந்தது. நான் அப்போதே சொன்னேன் என்று மிஷினை அவள் பக்கம் திருப்பினார். மறு கை, டப்பாவில் இருந்த மீதி அரை மாத்திரையை எடுத்துக்கொண்டிருந்தது.

கலையரசி அவர் கையைப் பிடித்தாள். விரல் பிசுபிசுத்தது. முற்றத்தில் தட்டு நிறைய அமிர்தி மலைப் பக்கத்துச் சீத்தாப்பழம். கல்லூரியிலிருந்து வந்த மகள் சௌம்யாவுக்காக அப்போதுதான் பிளந்து வைத்திருந்தார்.

"நீங்க துன்னீங்களா?"

"இல்ல. பிட்டு வச்சேன், அவ்ளோதான்."

"போயி சோப்பு போட்டுக் கையைக் கழுவுங்க. நல்லா ஈரம் போகத் துடைங்க. அந்த மாத்திரையை இங்க வைங்க."

கழுவிவிட்டு வந்து வேறு விரலில் குத்தினார். 116. முனிரத்தினம் திண்டாட்டத்தோடு மிஷினைப் பார்த்தார், பழத்தைப் பார்த்தார், அவள் உள்ளங்கையில் கிடந்த அரை மாத்திரையைப் பார்த்தார். அதைப் போட்டுக்கொண்டு அடுத்த நாள் காலை வண்டி எடுத்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை அவரே மெதுவாகச் சொன்னார். பழத்தோட சர்க்கரைக்கு நான் மாத்திரை போட இருந்தேன் என்றார். அந்த நாளுக்குப் பிறகு மிஷினைப் பற்றி அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அளவு ஏறினால் முதலில் கையைப் பார்ப்பார், இரண்டாம் தடவை குத்திப் பார்ப்பார், அப்புறமும் ஏறியிருந்தால் டாக்டருக்குப் போன் போடுவார். மாத்திரையை மட்டும் தானாகக் கூட்டுவதில்லை. ஸ்ட்ரிப் குப்பி டேஷ்போர்டுக்குப் போகவில்லை. கலையரசியின் சாப்பாட்டுப் பையில், மூடி இறுக்கமாகச் சாத்தி, அவளோடு கட்டிங் பிரிவுக்குப் போய் வந்தது. காலையில் வீட்டில் ஒன்று, சாயங்காலம் பஸ் கிளம்பும் முன் ஒன்று. டீக்கடையில் போண்டா தின்பதை அவராகவே நிறுத்திக்கொண்டார்.

கார்த்திகை மழை பிடித்துக்கொண்டது. ஒரு நாள் முனிரத்தினம் வாலாஜாபேட்டையில் ஒரு சாவுக்குப் போய்விட்டு, வழியெல்லாம் தண்ணீர், வந்து சேர நேரமாகிவிட்டது. சாப்பிடத் தோன்றாமல் படுத்துவிட்டார். காலையில் எழுந்து கையைக் கழுவிவிட்டுக் குத்தினார். 64. திரும்பக் குத்தினார். 66. உடம்பில் நடுக்கம் இல்லை, வியர்வை இல்லை. மிஷின் மட்டும் இல்லாதிருந்தால் நேராகப் போய் ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருப்பார்.

கலையரசி மூன்று ஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்தாள். கால் மணி கழித்து 97. தொண்ணூறைத் தாண்டிவிட்டது. வண்டி எடுக்க வேண்டிய நேரமும் ஆகிவிட்டது. தெருமுனை மைதானத்தில் பஸ் மழையில் நனைந்துகொண்டு நின்றது. முதல் ஸ்டாப்பில் ஒன்பது பேர் குடை பிடித்துக்கொண்டு நிற்பார்கள். எட்டரைக்கு மேல் கேட்டில் நுழைந்தால் அத்தனை பேருக்கும் அரை நாள் போச்சு என்று அவளுக்குத் தெரியும். டிரைவர் காரணமாக லேட்டானால் அது டிரைவர் தலையில் விடியும் என்றும் தெரியும். பேசாமல் அவருக்கு இரண்டு இட்லி வைத்தாள். இதில் தான் சொல்லி அவர் கேட்டால் அது ஒரு நாளைக்குத்தான் வரும் என்று நினைத்தாள்.

முனிரத்தினம் சாவியை மேஜை மேல் வைத்தார். போனை எடுத்தார். டிரான்ஸ்போர்ட் பொறுப்பாளர் பார்த்திபன் தூக்கக் குரலில் எடுத்தார்.

"சார், முனிரத்தினம் பேசறேன். இன்னிக்கு நான் வண்டி எடுக்க மாட்டேன் சார்... குடியெல்லாம் இல்ல. எனக்குச் சுகர் இருக்குது. பத்து மாசமாச்சு. உங்ககிட்ட மறைச்சிட்டேன், அது என் தப்பு. காத்தால பாத்தேன், கம்மியா இருந்துச்சு. இப்ப ஏறிடுச்சு, ஆனா முக்கால் மணி நேரம் ஓட்டக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. நாப்பத்திரண்டு பேர் உக்கார்ற வண்டி சார். நம்ம ஸ்பேர் டிரைவர் கார்முகிலன் இங்கதான் இருக்கான், அவனை அனுப்பி வைங்க."

சரி, வந்து என்னைப் பார் என்று சொல்லிவிட்டுப் பார்த்திபன் வைத்துவிட்டார்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பார்த்திபன் முதலில் கத்தினார். பிறகு கம்பெனி டாக்டரிடம் அனுப்பினார். அந்த டாக்டர் மிஷினை வாங்கி, அதில் பதிந்திருந்த ஐம்பது நாள் அளவுகளையும் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். நாளுக்கு இரண்டு, ஒன்றுகூட விடவில்லை. எழுபதுக்குக் கீழே போன ஒரே நாள் அன்றுதான், அன்று இந்த ஆள் வண்டி எடுக்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். குடியாத்தம் டாக்டரிடம் பேசி, தாழ இறக்காத வேறு மாத்திரைக்கு மாற்றினார்கள். பதினோரு நாள் பஸ் ஷெட்டில் டயரும் ஆயிலும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பன்னிரண்டாம் நாள் முனிரத்தினம் தன் சீட்டில் ஏறினார். அந்தப் பதினோரு நாளில் இரண்டு டிரைவர்கள் தனித்தனியாக வந்து, யாருக்கும் சொல்லாதே என்று சொல்லிவிட்டு, அந்த மிஷின் எங்கே வாங்கினது என்று கேட்டார்கள்.

ஆனால் கலையரசி அடிக்கடி நினைத்துக்கொள்வது அந்த மழைக் காலைப் பயணத்தைத்தான். முப்பத்தைந்து நிமிஷம் தாமதமாகக் கார்முகிலன் வந்து வண்டியை எடுத்தான். முனிரத்தினம் முன்வாசலில் ஏறி, எங்கே உட்காருவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏன் லேட்டு என்று கேட்டவர்களுக்கு, எனக்குச் சுகர் கம்மியாயிடுச்சு, அதனால நான் ஓட்டல என்று நேராகச் சொன்னார். பஸ்ஸில் ஒவ்வொருத்தியும் தன் வீட்டுச் சர்க்கரையைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். தில்ஷாத் எழுந்து பின்சீட்டுக்குப் போனாள். அந்த இடத்தில், ஜன்னலோரமாக, அவர் வந்து உட்கார்ந்தார்.

எட்டு வருஷமாக இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போகிறார்கள். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. முனிரத்தினம் கண்ணாடியைத் துடைத்துவிட்டு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

"இந்தப் பக்கம் இவ்ளோ புளிய மரம் இருக்குதா" என்றார். "நான் ரோட்டை மட்டுந்தான் பாத்திருக்கேன்."

கலையரசி ஏதோ பதில் சொன்னாள். என்ன சொன்னாள் என்று இப்போது அவளுக்கு ஞாபகமில்லை. பாலாறு எப்போது வந்தது, பாலம் எப்போது தாண்டியது என்பதும் தெரியாது. அவர் தோளில் சாய்ந்து அப்படியே தூங்கிவிட்டாள். கம்பெனி கேட்டுக்குள் பஸ் நுழைந்து எல்லோரும் இறங்கின பிறகு, தில்ஷாத்தான் சிரித்துக்கொண்டே வந்து எழுப்பினாள். முனிரத்தினம் அதுவரைக்கும் தோளை அசைக்காமல் உட்கார்ந்திருந்தார்.